பரிசுக்கு உரியோர் யாவர்? — "சற்றடே நைற் பீவர்" இசைத்தட்டுப் பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு கலைப்படைப்பின் தகுதியை அதன் விற்பனைத் தொகை கொண்டு அளத்தல் திறனாய்வு ஆகாது. ஆயினும், ஒரு படைப்பு எண்ணற்ற இல்லங்களுட் புகுந்து, ஒரு தலைமுறையினரின் உடையையும் நடையையும் பொழுதுபோக்கையும் மாற்றியமைத்திருக்குமாயின், அஃது எதனால் அவ்வாறு செய்தது, அதனாற் பயன் பெற்றோர் யாவர், பெறாது ஒழிந்தோர் யாவர் என வினவுதல் திறனாய்வாளன் கடனாகின்றது. 1977 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவில் வெளிவந்த "சற்றடே நைற் பீவர்" என்னும் இரட்டை இசைத்தட்டு அத்தகைய ஒரு படைப்பு. சனிக்கிழமை இரவுக் காய்ச்சல் என்பது அப்பெயரின் பொருள். அடுத்த மாதத்தில் அதே பெயரோடு வெளியான திரைப்படத்தின் பாடல்களையும் வாத்திய இசையையும் கொண்ட இத்தட்டு, 1978 இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 24 கிழமைகள் முதலிடத்தில் நின்றது; பிரித்தானியாவில் 18 கிழமைகள் நின்றது. மைக்கல் ஜாக்சனின் "திறில்லர்" 1982 இல் தோன்றி மிஞ்சும்வரை இதனோடு ஒப்ப விற்பனையான தட்டு உலகில் வேறொன்று இருந்ததில்லை எனலாம்.

இத்தட்டினைப் பற்றி வழங்கிவரும் கருத்துகள் இரண்டு. "டிஸ்கோ" எனப்படும் ஆடலிசை என்றால் இத்தட்டே. இத்தட்டு என்றால் கிப் சகோதரர் மூவரின் "பீ ஜீஸ்" குழுவே என்பது ஒன்று. கறுப்பின மக்களும் அவர் போல் ஒதுக்கப்பட்ட பிறரும் வளர்த்த இசையைக் கவர்ந்து, அதற்கு வெள்ளை உடை அணிவித்துச் சந்தையில் விற்ற வஞ்சனையே இது என்பது மற்றொன்று. முன்னது இரசிகர் கூற்று. பின்னது கற்றோர் சிலர் கூற்று. இவை ஒன்றுக்கொன்று பகையாயினும் ஒரு குறைபாட்டில் உடன்பிறப்புகளாம். இரு சாராரும் முதற் பக்கத்தைக் கேட்டதோடு எழுந்துவிட்டவர்கள். இரட்டைத் தட்டுக்குப் பக்கங்கள் நான்கு. அவற்றில் அமைந்த உருப்படிகள் 17. அவற்றுட் கிப் சகோதரர் பாடியவை 6 மாத்திரமே. எஞ்சிய 11 உருப்படிகளும் யாருடையவை, அவை அங்கு எதற்காக வைக்கப்பட்டன என்னும் வினாவுக்கு மேற்கூறிய இரு கருத்துகளிலும் விடையில்லை.

இவ்வழக்கிற்குரிய தீர்ப்பு ஒன்று திரைப்படத்தின் கதையிலேயே உளது என்பது வியப்புக்குரியது. ஜோன் பாதம் நெறிப்படுத்திய அப்படத்தின் நாயகன் ரோனி மனேறோ, நியூயோர்க் மாநகரின் புறூக்ளின் பகுதியில் வர்ணப்பூச்சு விற்கும் கடையொன்றில் ஊழியம் புரியும் 19 வயது இளைஞன்; இத்தாலிய மரபினன். வீட்டிலும் கடையிலும் எவராலும் பெரிதாக மதிக்கப்படாத அவன், சனிக்கிழமை இரவில் ஆடற்கூடத்துட் கால் வைத்த கணமே மன்னனாகின்றான். கதை முடிவை நெருங்கும்போது அக்கூடத்தில் ஓர் ஆடற்போட்டி நிகழ்கின்றது. ரோனியும் அவன் துணைவியும் ஆடுகின்றனர். பின்னர் புவேட்டோ றிக்கோ மரபினர் இருவர் ஆடுகின்றனர். பின்னவர் ஆட்டமே சிறந்தது என்பது ரோனியின் கண்ணுக்குத் தெளிவாகப் புலனாகின்றது. எனினும் பரிசு அவனுக்கே அளிக்கப்படுகின்றது. ஏனெனிற் கூடம் அவன் இனத்தாருடையது. அவன் சினங்கொண்டு, பரிசுக் கிண்ணத்தையும் பணத்தையும் புவேட்டோ றிக்கோ இணையர் கையிற் கொடுத்துவிட்டு வெளியேறுகின்றான். படத்தில் வரும் காட்சிகளுள் ஒழுக்கத்தால் உயர்ந்தது இதுவே. ஒரு பாத்திரம் ஒரு நொடியிற் செய்த இச்செயலை, அப்படத்தின் இசையைக் கேட்ட உலகம் இத்துணை ஆண்டுகளிற் செய்ததா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

டிஸ்கோ என்பது முதலில் ஓர் இசைவகையின் பெயரன்று. ஓர் இடத்தின் பெயர். இசைத்தட்டுகளை வைத்திருக்கும் இடத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம் அது. வாத்தியக் குழு இல்லாது, தட்டுகளைச் சுழலவிட்டே மக்களை ஆடவைக்கும் கூடங்கள் 1970 களின் தொடக்கத்தில் நியூயோர்க்கிற் பெருகின. 1970 பெப்ரவரியில் டேவிட் மான்குசோ என்பவர் தாம் வாழ்ந்த மாடியிலேயே நண்பரை அழைத்து நடத்தத் தொடங்கிய ஆடல் விருந்துகள் இவற்றுக்கு முன்மாதிரியாயின. அங்கு மது விற்கப்படவில்லை. கறுப்பினத்தார், இலத்தீன் அமெரிக்க வழியினர், வெள்ளையர், ஆணும் பெண்ணும், தன்பாலீர்ப்புடையோர் என எல்லோரும் ஒரே தளத்தில் ஆடினர். இதனை இன்று கேட்போர்க்கு இதில் என்ன புதுமை எனத் தோன்றலாம். ஆணும் ஆணும் சேர்ந்து ஆடினாற் பொலிசார் வந்து கலைக்கக்கூடிய காலம் அது. அவ்வாறு கலைக்க வந்தவர்களை எதிர்த்து ஸ்ரோன்வோல் விடுதியில் எழுந்த கலகம் 1969 யூனிலேதான் நிகழ்ந்தது. ஆகவே, இடையறாது தொடரும் தாளம் என்னும் இவ்விசையின் இலக்கணம் வெறும் செவிச்சுவைக்காகப் பிறந்ததன்று. ஒரு பாட்டு முடிந்து மறுபாட்டுத் தொடங்கும் இடைவெளியில் ஆடுவோர் கலைந்துவிடாமற் காத்தல் வேண்டும். ஆடுந்தளத்துக்கு வெளியே அவர்களுக்குக் காத்திருந்த உலகம் அத்தகையது. இரண்டு சுழல்மேடைகளை அருகருகே வைத்து ஒரு தட்டின் முடிவை மற்றொன்றின் தொடக்கத்தோடு பிணைத்த தட்டிசைப்போரும், மூன்று நிமிடப் பாட்டை வெட்டி ஒட்டி ஆறு நிமிடமாக நீட்டிய ரொம் மௌல்ரன் போன்றோரும் இத்தேவைக்கு விடையளித்தவர்களே.

இத்தகைய உலகைப் பற்றித் திரைப்படம் எடுக்க முற்பட்டோர் கைக்கொண்ட மூலம் யாது? 1976 யூனில் "நியூயோர்க்" சஞ்சிகையில் நிக் கோன் என்னும் எழுத்தாளர் வெளியிட்ட கட்டுரை. புறூக்ளினில் உள்ள "2001 ஒடிசி" என்னும் கூடத்தில் ஆடும் வின்சென்ற் என்னும் இளைஞனின் வாழ்க்கையை நேரிற் கண்டு எழுதியதாக அது அமைந்திருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தபின் கோன் உண்மையை ஒப்புக்கொண்டார். அப்பகுதிக்கு முதன்முறை சென்றபோது கூடத்தின் வாயிலில் நின்ற ஓர் உருவத்தைக் கண்டதைத் தவிர, வின்சென்ற் என்று எவரும் இருந்திலர். 1960 களில் இலண்டன் நகரின் ஷெப்பேட்ஸ் புஷ் பகுதியிற் றாம் அறிந்த ஓர் இளைஞனையே புறூக்ளினுக்குப் பெயர்த்து நட்டு எழுதிவிட்டார்.

புனைதல் குற்றமா என்னும் வினா இங்கே எழும். தமிழிலக்கண நூலார் நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் பிரித்தறிந்து, அவ்விரண்டும் கலந்ததையே புலவர்க்குரிய நெறியாகக் கொண்டனர். ஒருவன் கண்ட மாந்தனையும் காணாத மாந்தனையும் கலந்து பாத்திரம் படைத்தல் அம்மரபின்படி தவறன்று. திரைக்கதைக்கும் அஃது இழுக்கன்று. கோன் செய்த பிழை, நாடக வழக்கை உலகியல் வழக்கு என முத்திரையிட்டு விற்றது. அப்பிழையின் விளைவும் சிறிதன்று. டிஸ்கோவின் முதல்வன் யார் என உலகம் வினவியபோது, விடையாக ஒரு வெள்ளை இளைஞன் வெள்ளை உடையோடு வந்து நின்றான். மான்குசோவின் மாடியில் ஆடியோர் எவரும் அவ்விடத்துக்கு அழைக்கப்படவில்லை.

இனி, இசையைக் கருதுவோம். பரி, றொபின், மொறிஸ் என்னும் கிப் சகோதரர் மூவரும் மான் தீவிற் பிறந்து, மன்செஸ்ரரிற் சிறுவராய் வளர்ந்து, 1958 இற் பெற்றோருடன் அவுஸ்திரேலியா சென்று, 1967 இல் இங்கிலாந்துக்கு மீண்டு புகழ் பெற்றவர்கள். அக்காலத்தில் அவர்கள் பாடியவை பெரும்பாலும் துயர்தோய்ந்த மென்பாடல்கள். 1970 களின் முற்பகுதியில் அப்புகழ் தேய்ந்தது. 1975 இல் அமெரிக்காவின் மயாமி நகருக்குச் சென்று, ஆரிப் மார்டின் என்னும் துருக்கி நாட்டு இசை நெறியாளரின் கீழ் "மெயின் கோர்ஸ்" என்னும் தட்டைப் பதித்தபோதே ஆடலிசையின் பக்கம் திரும்பினர். இயல்பான குரலுக்கு மேலே எழுப்பப்படும் பொய்க்குரலைப் பரி கிப் கண்டுகொண்டதும் அப்போதே. அக்குரலும் அவருக்கு முன்னரே கறுப்பினப் பாடகர்களிடம் முதிர்ந்திருந்தது. கேட்டிஸ் மேபீல்டும், "ஸ்ரைலிஸ்ரிக்ஸ்" குழுவின் றசல் தொம்கின்ஸும் அவ்வகையிற் பாடி முடித்த பின்னரே கிப் வருகின்றார். கற்றுக்கொள்ளல் களவன்று. யாரிடம் கற்றார் என்பதை மறத்தலே களவு. அம்மறதி பெரும்பாலும் கற்றவரினும் கேட்டவரிடத்தேதான் நிகழ்கின்றது.

திரைப்படத் தயாரிப்பாளர் றொபேட் ஸ்ரிக்வுட் கிப் சகோதரரின் மேலாளரும் ஆவார். 1977 இன் தொடக்கத்தில் அவர்கள் பாரிஸ் நகருக்கு அணித்தாயுள்ள ஏறூவில் மாளிகையிற் புதிய தட்டொன்றுக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தபோது, படத்துக்குப் பாடல்கள் வேண்டுமென அவர் கேட்டார். கதையை முற்ற அறியாமலே அவர்கள் பாடல்களை ஆக்கினர். படப்பிடிப்புத் தொடங்கிய நாள்களில் அப்பாடல்கள் கைக்கு வரவில்லை. நாயகனாக நடித்த ஜோன் ட்ரவோல்டா வேறு கலைஞரின் இசைக்கே ஆடிப் பழகியதாகப் பின்னர் கூறியிருக்கின்றார். பாட்டும் கூத்தும் ஒன்றையொன்று காணாமலே பிறந்து, பின்னர் ஓருயிர்போற் பொருந்தியது இப்படத்தின் நற்பேறு.

"ஸ்ரேயின் அலைவ்" என்னும் பாடலின் தாளத்துக்கு ஒரு தனிக்கதை உண்டு. குழுவின் முரசறைவோரான டெனிஸ் பிறையன், குடும்பத்தில் நேர்ந்த இடர் காரணமாக ஊர் திரும்ப வேண்டியவரானார். வேறொருவரை அழைத்தற்கு மாறாக, இசை நெறியாளர் அல்பி கலூற்றனும் ஒலிப்பதிவாளர் கால் றிச்சட்சனும், முன்பே பதித்து முடித்த "நைற் பீவர்" பாடலிலிருந்து இரண்டு தாளவட்டங்களுக்குரிய ஒலிநாடாத் துண்டை எடுத்து, முனைகளை ஒட்டி வளையமாக்கி, ஒலிவாங்கி நிறுத்தும் தாங்கியின்மேற் செலுத்திச் சுழலவிட்டனர். அவ்வளையம் சுற்றச் சுற்ற, மாந்தர் கை தொடாத ஒரு தாளம் களைப்போ தளர்வோ இன்றி ஒலித்தது. தட்டின் உறையில் முரசறைந்தவர் பெயராக "பேணாட் லூப்" எனக் குறிப்பிட்டமை ஒரு நகை. ஒலிநாடா வளையத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் புகழ்பெற்ற முரசுக் கலைஞர் ஒருவரின் பெயர்போலத் திரித்து இட்ட பெயர் அது. அப்படி ஒருவர் இருப்பதாக நம்பி அவரைத் தம் பதிவுக்கு அழைக்க முயன்றவர்களும் இருந்தனராம்! அதே வளையம் "மோர் தான் எ வுமன்" பாடலிலும், பின்னர் பாபறா ஸ்ரைசன்ட் 1980 இற் பாடிய "வுமன் இன் லவ்" பாடலிலும் பயன்பட்டது. நின்றுபோன இதயத்தை மார்பில் அழுத்தி மீண்டும் இயக்கும் முதலுதவிப் பயிற்சியில், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை அழுத்தும் விரைவை மனத்திற் பதிப்பதற்கு "ஸ்ரேயின் அலைவ்" இன்று எடுத்துக்காட்டப்படுகின்றது. உயிரற்ற தாளம் உயிர் மீட்கப் பயன்படுவது காலத்தின் விநோதம்.

இதனாற் கிப் சகோதரரின் பாடல்கள் பொய்யானவை எனக் கொள்ளுதல் பொருந்தாது. "ஸ்ரேயின் அலைவ்" பலரும் எண்ணுவதுபோல் இறுமாப்பின் பாட்டன்று. நெஞ்சு நிமிர்த்தித் தெருவில் நடக்கும் ஒருவனின் மிடுக்கோடு அது தொடங்குகின்றது. எனினும் இடையே, தான் போகும் வழி எதுவுமில்லை, எவரேனும் கைகொடுங்கள் என அவன் இறைஞ்சுகின்றான். மெட்டோ மேனாட்டிசையிற் சோகத்துக்குரியதாகக் கொள்ளப்படும் சுருதி வகையில் அமைந்தது. அப்பொய்க்குரலும் அவ்விடத்திற் பெருமிதமாக ஒலியாமல், தொண்டை இறுகிய ஒருவனின் கூவலாக ஒலிக்கின்றது. வர்ணப்பூச்சுக் கடை ஊழியனின் கதையை முற்ற அறியாமலே அவன் நெஞ்சை இவ்வளவு நுட்பமாகப் பாடியது பாடலாசிரியரின் கற்பனைத் திறம். "நைற் பீவர்" பாடலில் நரம்பு வாத்தியங்கள் குரலுக்குக் கீழே அலைபோல் எழுந்தடங்கும் முறை, மூவர் குரலும் ஒரு குரலாகக் குழைந்துவரும் முறை ஆகியவை பல முறை கேட்டபின்னும் சுவை குன்றாதவை. "ஹவ் டீப் இஸ் யுவர் லவ்" உண்மையில் ஆடற்பாட்டே அன்று, அமைதியான காதற்பாட்டு. தட்டில் நெடுங்காலம் நிலைக்கத்தக்க பாட்டு எதுவென வினவினால் இதனையே சுட்டலாம். மூவரும் இயற்றி இவோன் எலிமன் பாடிய "இஃப் ஐ கான்ற் ஹாவ் யூ" பாடலோடு முதற் பக்கம் நிறைவெய்துகின்றது. குறையென்று கூற இப்பக்கத்தில் யாதுமில்லை. ஒருவேளை அந்நிறைவே குறையோ எனவும் எண்ணத் தோன்றுகின்றது. இத்துணைச் சிறந்த ஒரு பக்கத்தைக் கேட்டவர் மற்றைப் பக்கங்களுக்குச் செல்லாதது அவர்தம் குற்றம் மாத்திரமன்று.

நடுவிலுள்ள பக்கங்கள் சமமானவையல்ல. பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை ஆடற்றாளத்தில் ஏற்றிய வோல்ரர் மேர்பியின் உருப்படியும், முசோர்க்ஸ்கியின் இசையைக் கொண்டு டேவிட் ஷயர் ஆக்கிய "நைற் ஓன் டிஸ்கோ மவுண்டன்" என்பதும் புதுமைக்காகச் செய்யப்பட்ட விளையாட்டுகள். இருமுறைக்கு மேற் கேட்கத் தக்கனவல்ல. திரினிடாட் வழியினரான றால்ப் மக்டோனல்டின் "கலிப்சோ பிறேக்டவுன்" அவ்வாறன்று. கைம்முரசுகள் ஒன்றோடொன்று உரையாடும் அவ்வுருப்படியிற் றாளம் நிலத்தின் மணத்தோடு எழுகின்றது. "மோர் தான் எ வுமன்" பாடலை இத்தட்டு இருமுறை தருகின்றது. ஒன்று கிப் சகோதரர் பாடியது; மற்றொன்று கேப் வேட் தீவு மரபினரான ரவாறெஸ் சகோதரர் பாடியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்போர் ஓர் உண்மையை உணர்வர். முன்னது ஒலிப்பதிவுக் கூடத்திற் செதுக்கிய சிற்பம். பின்னது கூடியிருப்போர்முன் நின்று பாடிய பாட்டு. ரவாறெஸ் பாட்டில் மூச்சு விடும் இடம் தெரிகின்றது. ஒரே தட்டில் இரு வடிவங்களை வைத்தவர்கள் எதனைக் கருதி வைத்தனரோ, கேட்போர்க்கு அது தானே ஒரு திறனாய்வுப் பாடமாக அமைந்துவிடுகின்றது.

இனி நான்காம் பக்கம். அதன் இறுதியில் அமைந்தது பிலடெல்பியா நகரின் "திறாம்ஸ்" குழு பாடிய "டிஸ்கோ இன்பேர்னோ". பத்து நிமிடத்துக்கும் மேல் நீளும் இப்பாட்டு 1976 இலேயே வெளிவந்து, ஆடற்கூடங்களில் அறியப்பட்டும் வெளியுலகிற் பெரிதும் அறியப்படாதும் இருந்தது. இத்தட்டில் இடம்பெற்ற பின்னரே 1978 இல் அமெரிக்கப் பட்டியலில் 11 ஆம் இடத்தை எட்டியது. அக்குழுவை நிறுவியோருள் ஒருவரும் அதன் முரசறைவோரும், அடிக்குரற் பாடகரும் ஏர்ல் யங். அவர் பெயரை உலகம் அறியாது. அவர் தாளத்தை அறியாதார் உலகில் இலர். காலால் மிதித்து ஒலிக்கும் பெருமுரசை நான்கு எண்ணிக்கையிலும் தவறாது ஒலிப்பித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த சிறு தாளத்தட்டுகளை எண்ணிக்கைகளுக்கு இடையே திறந்து மூடி, "ஸ்" என ஒலியெழுப்பும் முறையை அவர் 1973 இல் ஹரல்ட் மெல்வின் குழுவினரின் "த லவ் ஐ லொஸ்ற்" என்னும் பாட்டில் வாசித்தார். டிஸ்கோத் தாளத்துக்கு அதுவே மூலபாடமாயிற்று. பிலடெல்பியாவின் சிக்மா ஒலிப்பதிவுக் கூடத்திற் பணிபுரிந்த "எம். எவ். எஸ். பி." என்னும் வாத்தியக் குழுவிலும் அவர் இருந்தார். அக்குழுவின் "கே-ஜீ" என்னும் உருப்படியும் இந்நான்காம் பக்கத்திலேயே உளது.

தட்டின் அமைப்பை இப்போது முழுமையாக நோக்குதல் வேண்டும். முதற் பக்கத்தின் முதற் பாட்டில் ஒலிப்பது தாளக்காரன் இல்லாத தாளம், ஒட்டிய ஒலிநாடா. நான்காம் பக்கத்தின் இறுதிப் பாட்டில் ஒலிப்பது, அத்தாளம் எவரிடமிருந்து புறப்பட்டதோ அவர் தம் கையாலும் காலாலும் எழுப்பிய தாளம். முன்னதில் அடி ஒவ்வொன்றும் மற்றையதன் படி. பின்னதில் நிமிடங்கள் செல்லச் செல்லத் தாளம் சூடேறுகின்றது. பாடுவோர் கூவும்போது முரசு மிகச் சிறிதே முன்னோக்கிச் சாய்கின்றது. அவர்கள் ஓயும்போது பொறுத்து நிற்கின்றது. தீப்பற்றிய கூடத்தைப் பற்றிய அப்பாட்டுக்கு இயந்திரத் தாளம் பொருந்தியிராது. நாயகனின் தனிமைக்கு ஒலிநாடா வளையம் பொருந்தியது போலவே, கூட்டத்தின் களிப்புக்கு ஏர்ல் யங் பொருந்தினார். இரண்டையும் ஒரே உறைக்குள் வைத்தமையாலேயே இத்தட்டு பெருமை பெறுகின்றது. தனியே பீ ஜீஸ் பாடல்களை மாத்திரம் கொண்டு வெளிவந்திருப்பின், அது சிறந்த பாட்டுத் தொகுதியாக இருந்திருக்கும். ஒரு காலத்தின் சான்றாக இருந்திராது.

1979 இல் இத்தட்டு அவ்வாண்டின் சிறந்த தட்டுக்குரிய கிறாமி விருதைப் பெற்றது. அவ்விருது பீ ஜீஸ் குழுவுக்கு மாத்திரம் வழங்கப்பட்டதன்று. ஷயர், எலிமன், ரவாறெஸ், "கூல் அண்ட் த காங்", "கே. சி. அண்ட் த சன்ஷைன் பாண்ட்", எம். எவ். எஸ். பி., திறாம்ஸ், மேர்பி, மக்டோனல்ட் ஆகிய அனைவரின் பெயருக்கும் அது உரியதாகப் பதிவாகியுள்ளது. எனவே, பரிசளித்தோர் பிழை செய்திலர். ஏட்டிற் பன்மையாக எழுதப்பட்ட பரிசு மக்கள் நினைவில் ஒருமையாயிற்று; அவ்வளவே. படத்தில் ரோனி கிண்ணத்தை ஒப்படைத்த புவேட்டோ றிக்கோ இணையர் ஆடியது ஷயரின் "சல்சேஷன்" என்னும் உருப்படிக்கு. அதுவும் இத்தட்டில் உளது. அதன் பெயரைக் கேட்டால் ஆயிரவருள் ஒருவரும் அறியார்.

இம்மறதியின் விலை விரைவிலேயே தெரியவந்தது. இத்தட்டின் வெற்றியைக் கண்ட பதிவு நிறுவனங்கள் கண்டதையெல்லாம் ஆடற்றாளத்தில் ஏற்றி விற்றன. வானொலி நிலையங்கள் பல, தம் முறைகளை மாற்றி இரவு பகலாக அதனையே ஒலிபரப்பின. திகட்டல் எழுந்தது இயற்கையே. ஆனால் எழுந்தது திகட்டல் மாத்திரமன்று. 1979 யூலை 12 ஆந் திகதி சிக்காகோ நகரின் கொமிஸ்கி விளையாட்டரங்கில், டிஸ்கோத் தட்டொன்றைக் கொண்டுவருவோர் 98 சதம் கொடுத்து பேஸ்போல் ஆட்டம் காணலாம் என அறிவிக்கப்பட்டது. ஸ்ரீவ் டால் என்னும் வானொலி அறிவிப்பாளர், இரு ஆட்டங்களுக்கு இடையே அத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார். ஆயிரக்கணக்கானோர் மைதானத்துட் பாய்ந்தனர். இரண்டாம் ஆட்டம் நடைபெறவில்லை. அஃது எதிரணிக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. அன்று அவ்வரங்கில் ஏவலாளாகக் கடமையாற்றிய கறுப்பின இளைஞர் வின்ஸ் லோறன்ஸ், குவிக்கப்பட்டவற்றுள் டிஸ்கோவே அல்லாத, கறுப்பினக் கலைஞரின் தட்டுகளும் பல இருந்தமையைக் கண்டதாகப் பிற்காலத்திற் கூறினார். வெறுப்பு எதன்மேல் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. வேடிக்கைக்காகச் செய்தது எனச் செய்தோர் கூறுவர். வேடிக்கை பார்க்க வந்தவன் கையில் எந்தத் தட்டு இருந்தது என்பதே பதில்.

இவ்வெறுப்புக்கு முதலிற் பலியான முகம் கிப் சகோதரருடையதே என்பதையும் மறைத்தல் ஆகாது. அமெரிக்க வானொலிகள் பல அவர்கள் குரலை விலக்கின. ஆயினும் அவர்கள் பாட்டியற்றும் தொழிலைப் பிறர்க்காகச் செய்து வென்றனர். ஸ்ரைசன்ட் பாடிய "கில்ரி" தட்டும், 1982 இல் டையோன் வோர்விக் பாடிய "ஹார்ட்பிறேக்கர்" பாட்டும், 1983 இற் கெனி றொஜேர்ஸும் டொலி பார்ட்டனும் பாடிய "ஐலண்ட்ஸ் இன் த ஸ்ரீம்" பாட்டும் அவர்கள் ஆக்கியவை. வெள்ளை உடையைக் கழற்றிவைத்து வேறுடை அணியும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது. திறாம்ஸ் குழுவுக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. "டிஸ்கோ இன்பேர்னோ" பெற்ற வெற்றியைப் போன்றதொன்றை அவர்கள் பின்னர் காணவில்லை.

கிழக்கு நாடுகளுக்கு இவ்விசை வந்து சேர்ந்த முறையும் இங்கு குறிக்கத்தக்கது. பெங்களூரிற் பிறந்து இலண்டனிற் குடியேறிய பிட்டு, 1974 இலேயே காள் டக்ளஸ் பாடிய "குங் பூ பைற்றிங்" மூலம் உலகறிந்தவர். அவர் இசையமைக்க, பாகிஸ்தானியச் சிறுமி நாசியா ஹசன் பாடிய "ஆப் ஜைசா கோயி" 1980 இல் "குர்பானி" இந்திப் படத்தில் ஒலித்து இந்தியா எங்கும் பரவியது. 1982 இல் மிதுன் சக்கரவர்த்தி நடித்த "டிஸ்கோ டான்சர்" வந்தது. அதனைத் தழுவி நாகேஷின் மகன் ஆனந்த்பாபு நடித்த "பாடும் வானம்பாடி" 1985 இற் றமிழில் வந்தது. இவற்றில் ஒளிரும் உடையும், ஒளிரும் தளமும், தனியொருவனாய் எழும் நாயகனும் உளர். பலரும் ஒன்றாய் ஆடிய மான்குசோவின் மாடி இல்லை. இந்தியப் படங்களை அதற்காகக் குறை கூறுதல் முறையன்று. இடையில் நின்ற திரைப்படம் எதனைக் கொடுத்ததோ அதனையே அவை பெற்றன.

தட்டுகள் தகர்க்கப்பட்ட அதே சிக்காகோ நகரில், 1977 முதல் "வெயர்ஹவுஸ்" என்னும் கூடம் ஒன்று இயங்கிவந்தது. பண்டசாலை என்பது அப்பெயரின் பொருள். அங்கு ஆடியோர் பெரும்பாலும் கறுப்பினத்தாரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் ஆகிய தன்பாலீர்ப்புடையோர். தட்டிசைத்தவர் நியூயோர்க்கிலிருந்து வந்த பிராங்கி நக்கிள்ஸ். 1979 யூலைக்குப் பின்னரும் அக்கூடம் மூடப்படவில்லை. புதிய டிஸ்கோத் தட்டுகள் வருவது அருகியபோது நக்கிள்ஸ் பிலடெல்பியாவிற் பதிக்கப்பட்ட பழைய பாட்டுகளை ஒலிநாடாவில் ஏற்றி, வெட்டி ஒட்டி, வேண்டிய தாளக்கட்டை வேண்டிய அளவுக்கு நீட்டினார். ஏறூவில் மாளிகையிற் கலூற்றனும் றிச்சட்சனும் கையாண்ட அதே உபாயம், இம்முறை ஏர்ல் யங்கின் மரபைச் சேர்ந்த தாளத்துக்கே பயன்பட்டது. அக்கூடத்தின் பெயரின் பிற்பாதியைக் கொண்டு "ஹவுஸ்" என வழங்கப்படும் ஆடலிசை அங்கிருந்து பிறந்தது. அவ்விசையின் முதற் றட்டுகளுள் ஒன்றாகக் கொள்ளப்படும் "ஓன் அண்ட் ஓன்" 1984 இல் வெளிவந்தது. அதனை ஜெசி சோண்டர்ஸுடன் சேர்ந்து ஆக்கியவர், கொமிஸ்கி அரங்கில் அன்று ஏவலாளாக நின்ற வின்ஸ் லோறன்ஸ்.